40 மீட்டருக்கு எஸ்டிஆர் ரிசீவர்: காச ஆஸிலேட்டர்ல போடுறதா, மிக்சர்ல போடுறதா

பினாங்கு பக்கம் பிறையில இருந்து ஒரு தம்பி போன வாரம் கூப்பிட்டாரு. ஃபேக்டரி ஷிப்ட் முடிஞ்சி ராத்திரி வீட்டுல உக்காந்து ஒரு எஸ்டிஆர் ரிசீவர் (கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல சிக்னல பிரிச்சிக் கேக்குற ரேடியோ) கட்டணும், முக்கியமா 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்), அப்புறமா 10 மீட்டரும் (28 மெகாஹெர்ட்ஸ்) வேணும், கையில ஆஸிலேட்டருக்கு ஒரு எஸ்ஐ5351 சிப்பு போர்டு இருக்கு, ஆனா கேக்குற எடத்துல எல்லாம் "அதுல பேஸ் நாய்ஸ் ஜாஸ்தி, எஸ்ஐ570 வாங்கு"ன்னு சொல்றாங்களாம், "வாங்கிடவாண்ணே?"ன்னு கேட்டாரு. நான் உடனே பதில் சொல்லல. மிக்சர் என்ன போடப் போறீங்கன்னு கேட்டேன். எஸ்ஏ612 மிக்சர் சிப்பு ரெண்டு இருக்கு அதையே போட்டுக்கலாம்னு இருக்கேன்னாரு. அங்கதான் எனக்கு மனசு கேக்கல, அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல பேஸ் நாய்ஸ்னா என்ன பயம்னு பாத்துடுவோம். ஆஸிலேட்டர் ஒரே ஒரு ஃப்ரீக்வென்சில ஊசி மாதிரி நிக்கணும், ஆனா எதுவுமே அப்படி நிக்காது, ஈரத் தரையில போட்ட கோலம் மாதிரி கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் பரவி இருக்கும். மிக்சர் என்ன செய்யுதுன்னா ஆன்டெனால வர்றத எல்லாம் இந்த ஆஸிலேட்டரோட பெருக்குது. அப்ப 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பெரிய ஸ்டேஷன் நின்னா, அது எவ்ளோ சுத்தமா வந்தாலும் நம்ம ஆஸிலேட்டரோட பரவல் அதுமேல ஒட்டிக்கிட்டு நாம கேக்குற எடத்துல சத்தமா வந்து விழும். இதத்தான் ரெசிப்ரோக்கல் மிக்சிங்னு சொல்றாங்க. கணக்கு ரொம்ப சுலபம், பெரிய ஸ்டேஷனோட லெவல், அதோட ஆஸிலேட்டரோட பேஸ் நாய்ஸ் நம்பர் (ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துல பரவல் எத்தன டிபி கீழ இருக்குன்னு), அதோட நம்ம பேண்ட்விட்த்துக்கு உண்டான டிபி, மூனையும் கூட்டிக்கணும். ஹாம்கள் பேசுற எஸ்எஸ்பி முறைக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ்னா 34 டிபி.

ஆனா இந்தக் கணக்க போடுறதுக்கு முன்னாடி நாம எங்க உக்காந்திருக்கோம்னு பாக்கணும், எல்லாரும் இத விட்டுடுறாங்க. நாம யாரும் பாலைவனத்துல உக்காந்து கேக்கல. தாமான்ல வீடு, சுத்தி எல்இடி லைட்டு, இன்வெர்ட்டர் ஏர்கான், வைஃபை பெட்டி, சோலார் போட்ட பக்கத்து வீடு, சாயங்காலம் ஆனா இடி மின்னல். ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியு-வோட பி.372 கணக்குப்படி குடியிருப்புப் பகுதில 7 மெகாஹெர்ட்ஸ்ல மனுசன் உண்டாக்குற நாய்ஸ் மட்டுமே தெர்மல் நாய்ஸுக்கு (சூட்டால எப்பவும் இருக்குற அடிப்படை நாய்ஸ்) மேல சுமார் 49 டிபி. தெர்மல் 2.4 கிலோஹெர்ட்ஸ்ல மைனஸ் 140 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டுக்கு 140 டிபி கீழ), அப்ப நம்ம நாய்ஸ் தரைமட்டம் மைனஸ் 91. இடி இடிக்கிற நாள்ல இன்னும் மேல. மைனஸ் 91க்கு நல்லா கீழ ரிசீவருக்குள்ள என்ன அழுக்கு இருந்தாலும் நம்ம காதுக்கு அது வரவே வராது.

இப்ப ஆஸிலேட்டர் கணக்கு. 40 மீட்டர்ல ஹாம்களுக்கு (அமெச்சூர் ரேடியோக்காரங்க), அதாவது நமக்கு, 7.0ல இருந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதுக்கு மேல 7.45 வரைக்கும் ஷார்ட்வேவ் பிராட்காஸ்ட்காரங்க, ராத்திரி ஆனா செவுரு மாதிரி நிப்பாங்க (2009க்கு முன்னாடி 7.1லயே ஆரம்பிச்சிடுவாங்க, பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்). ஒரு ஸ்டேஷன் மைனஸ் 30 டிபிஎம்ல வருதுன்னு வெச்சுக்குவோம், அது ரிசீவர் மீட்டரோட எஸ்9 குறிக்கு மேல 40 டிபி தாண்டி, நல்ல பலமான சிக்னல். ஆஸிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மைனஸ் 120னு ஒரு சாதாரண நம்பர் எடுத்துக்குவோம். மைனஸ் 30, மைனஸ் 120, ப்ளஸ் 34, ஆக மைனஸ் 116. நம்ம தரைமட்டம் மைனஸ் 91. 25 டிபி கீழ கெடக்கு, தெரியவே தெரியாது. சரி ஆஸிலேட்டர் இன்னும் 15 டிபி மோசம்னே வெச்சுக்கங்க, அப்பயும் மைனஸ் 101, தரைமட்டம் அர டிபி கூட ஏறாது. ஆக 7 மெகாஹெர்ட்ஸ்ல எஸ்ஐ5351க்குப் பதிலா எஸ்ஐ570 போட்டா அந்தத் தம்பி காதுல ஒரு வித்தியாசமும் கேக்காது. எஸ்ஐ570 நல்ல சாமான் இல்லன்னு நான் சொல்லல, ரொம்ப நல்ல சாமான், உள்ளுக்குள்ள அஞ்சு கிகாஹெர்ட்ஸ் கிட்ட ஓடுற டிஜிட்டல் ஆஸிலேட்டர், பரவல் கம்மி, சாஃப்ட்ராக் கிட் காலத்துல இருந்து பேரு வாங்குன சாமான். ஆனா 40 மீட்டர்ல அதோட நல்ல கொணம் எல்லாம் வீட்டு நாய்ஸுக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கும்.

மிக்சர் கத வேற. எஸ்ஏ612 கில்பர்ட் செல் (டிரான்சிஸ்டரால ஆன மிக்சர்), கெய்ன் உண்டு, கரண்ட் ரெண்டர மில்லிஆம்ப்தான், ஆஸிலேட்டரும் உள்ளயே இருக்கு, ஆரம்பத்துல கட்டுறவங்களுக்கு அது மாதிரி வசதியானது எதுவும் இல்ல, நானும் மொத ரிசீவர் அதுலதான் கட்டுனேன். ஆனா அதோட தேர்ட் ஆர்டர் இன்டர்செப்ட் (பெரிய சிக்னல எவ்ளோ தாங்கும்னு சொல்ற நம்பர், கூட இருந்தா நல்லது) சுமார் மைனஸ் 15 டிபிஎம். இதுக்கு என்ன அர்த்தம்னா, 7.2க்கு மேல ரெண்டு ஸ்டேஷன் மைனஸ் 30ல வந்துச்சுன்னா, அதுங்க ரெண்டும் மிக்சருக்குள்ள அடிச்சிக்கிட்டு புதுசா ஒரு போலி சிக்னல் உண்டாகும், அதோட லெவல் மூனு தடவ மைனஸ் 30, அதுல இருந்து ரெண்டு தடவ மைனஸ் 15 கழிச்சா, மைனஸ் 60. தரைமட்டம் மைனஸ் 91ன்னு சொன்னோம்ல, அதுக்கு மேல 31 டிபி! உண்மையான ஸ்டேஷன் மாதிரியே காதுல கேக்கும், அதுவும் 7.205, 7.215 ரெண்டும் சேந்து 7.195ல விழும், அதாவது நம்ம பேண்டுக்குள்ளயே. ராத்திரி பேண்ட் முழுக்க சீன பாட்டும் பேச்சும் கலந்து இரைச்சலா கேக்குதுன்னு சொல்றவங்க நெறய பேருக்கு இதுதான் காரணம், அவங்க அத பேஸ் நாய்ஸ்னு நெனச்சி ஆஸிலேட்டர மாத்திக்கிட்டு இருப்பாங்க.

அதே கணக்க டேலோ டிடெக்டர்ங்கிற இன்னொரு வக மிக்சருக்கு போட்டுப் பாருங்க. டான் டேலோன்னு ஒரு அமெரிக்க ஹாம், என்7விஇ, அவரு பேருல 2001ல பேட்டன்ட் வந்துச்சு. யோசன ரொம்ப எளிமை, ஆன்டெனா சிக்னல நாலு கெப்பாசிட்டருக்கு மாத்தி மாத்தி ஸ்விட்ச் பண்றது, ஒவ்வொன்னுக்கும் ஆஸிலேட்டரோட கால் சுத்து நேரம், அதுல இருந்து ஐ, க்யூ (90 டிகிரி தள்ளி எடுத்த ரெண்டு சிக்னல், எஸ்டிஆர் சாஃப்ட்வேருக்கு ரெண்டும் வேணும்) ரெண்டும் நேரா கெடைக்கும். ஸ்விட்சுக்கு 74சிபிடி3253, இல்ல எஃப்எஸ்டி3253, சில வெள்ளிக்கு கெடைக்கிற சிப்பு, ஆன் ஆனா நாலஞ்சு ஓம்தான். ஸ்விட்ச் ஆன் ஆனா கம்பி, ஆஃப் ஆனா இல்ல, அவ்ளோதான், அதனால பெரிய சிக்னல் வந்தாலும் வளைஞ்சு கொடுக்காது. நஷ்டம் 0.9 டிபிதான். இன்டர்செப்ட் நல்லா கட்டுனா ப்ளஸ் 20க்கு மேல. ப்ளஸ் 20ன்னே வெச்சுக்கிட்டா அந்தப் போலி சிக்னல் மைனஸ் 130ல விழும். எஸ்ஏ612ல மைனஸ் 60, இதுல மைனஸ் 130. ஆஸிலேட்டர் மாத்தி எவ்ளோ செலவு பண்ணாலும் இந்த 70 டிபி வராது.

டயோடு ரிங் மிக்சரும் இருக்கு, எஸ்பிஎல்-1, ஏடிஇ-1 எல்லாம், மினி-சர்க்யூட்ஸ் சாமான், அவங்களுக்கு பினாங்குலயே ஆலை இருக்கு. அது இன்டர்செப்ட்ல எஸ்ஏ612 விட ரொம்ப மேல. ஆனா ப்ளஸ் 7 டிபிஎம் டிரைவ் கேக்கும், அஞ்சாறு டிபி நஷ்டம், வெளியில வர்ற பக்கம் எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் 50 ஓம் காட்டணும், இல்லன்னா அது சொன்ன நம்பர் எதுவும் வராது, அதுக்கு டிப்ளெக்சர் கட்டணும். எஸ்டிஆருக்கு ஐ, க்யூ வேணும்னா ரெண்டு மிக்சர், 90 டிகிரி பிரிக்கிற சர்க்யூட், இதெல்லாம் சேத்தா டேலோவுக்கு ரெட்ட வேல. 2 மீட்டர் டிரான்ஸ்வெர்ட்டர் கட்டுறவங்களுக்கு நான் டயோடு ரிங்தான் சொல்லுவேன், இந்த வேலைக்கு வேணாம்.

டேலோவுல ரெண்டு கொற உண்டு, மறைக்கக் கூடாது. ஒன்னு, அது ஸ்விட்ச், அதனால ஒத்தப்பட ஹார்மோனிக்ஸ் எல்லாத்துக்கும் காது கொடுக்கும். மூனாவது ஹார்மோனிக் வெறும் ஒம்பதர டிபிதான் கம்மி. நீங்க 7.17 கேட்டா 21.51ம் சேந்து வரும், அது 13 மீட்டர் பிராட்காஸ்ட் பேண்ட், பகல்ல நல்லா தெறந்திருக்கும். அதனால முன்னாடி பேண்ட்பாஸ் ஃபில்டர் கட்டாயம், கட்டாயம். ரெண்டாவது, ஐ க்யூ சரிசமமா இல்லன்னா இமேஜ், அதாவது ஆஸிலேட்டர் ஃப்ரீக்வென்சிக்கு ஒரு பக்கம் நிக்கிற ஸ்டேஷனோட நிழல், மறுபக்கம் தெரியும். ஒரு டிகிரி தப்புனா இமேஜ் 41 டிபிதான் கீழ, மைனஸ் 30 ஸ்டேஷனோட நிழல் மைனஸ் 71ல நிக்கும், தரைமட்டத்துக்கு 20 டிபி மேல. சாஃப்ட்வேர்ல திருத்திக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன யுக்தி சொல்றேன், 96 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டுன்னா ஆஸிலேட்டர 7.150ல வைங்க, அப்ப திரையில 7.102ல இருந்து 7.198 வரைக்கும்தான் வரும், பிராட்காஸ்ட்காரங்க அந்த ஜன்னலுக்கு வெளியவே நின்னுடுவாங்க, அவங்க நிழலும் பெருசா உள்ள வராது.

எஸ்ஐ5351ல இந்த 90 டிகிரி எடுக்குற விதம் எனக்கு ரொம்பப் புடிக்கும். உள்ள 600ல இருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஓடுற விசிஓ (வோல்ட்டேஜால ஃப்ரீக்வென்சி மாத்துற ஆஸிலேட்டர்), அத நாம ஒரு நம்பரால வகுத்து வெளிய எடுக்குறோம். 7.1க்கு விசிஓவ 710ல வெச்சி 100ஆல வகுத்தாப் போதும். ஃபேஸ் ரெஜிஸ்டர் ஒவ்வொரு படியும் விசிஓ சுத்துல கால் பங்கு, அதனால ரெண்டாவது அவுட்புட்டோட ரெஜிஸ்டர்ல அதே 100அ எழுதிட்டா சரியா 90 டிகிரி வந்துடும். பழைய வழில நாலு மடங்கு ஃப்ரீக்வென்சி எடுத்து ஃபிளிப் ஃபிளாப்பால (வகுக்குற லாஜிக் சிப்பு) நாலால வகுக்கணும், இங்க ரெண்டும் வேணாம். ரெஜிஸ்டர் 7 பிட்டுதான், அதனால வகுக்குற நம்பர் 126 தாண்ட முடியாது, 4.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ இந்த வழி டேட்டாஷீட் எல்லைக்குள்ள வராது, 80 மீட்டர் வேணும்னா பழைய நாலு மடங்கு வழிதான். வகுக்குற நம்பர் முழு எண்ணா, இரட்டப்படையா இருக்கணும், பின்னம் வெச்சா அழுக்கு கூடும், அத மட்டும் விட்டுடாதீங்க.

இங்க ஒரு தப்பு நம்பிக்க இருக்கு. நாலு மடங்குல எடுத்து வெளிய ஃபிளிப் ஃபிளாப்பால நாலால வகுத்தா பேஸ் நாய்ஸ் 12 டிபி கொறையும், அதனால அதுதான் சுத்தம்னு சொல்லுவாங்க. வகுத்தா 12 டிபி கொறையறது உண்மதான். ஆனா எஸ்ஐ5351 விசிஓவ உள்ளுக்குள்ளயே வகுத்துத்தான் குடுக்குது, 28.4 எடுத்தா 7.1 எடுத்தத விட 12 டிபி மோசமாத்தான் வெளிய வரும், அத நீங்க நாலால வகுத்து பழைய எடத்துக்கே கொண்டு வர்றீங்க. உள்ள வகுத்தாலும் வெளிய வகுத்தாலும் கணக்கு ஒன்னுதான்.

இதே கணக்குதான் 10 மீட்டர்ல நமக்கு எதிரா திரும்புது, இத நல்லா கவனிக்கணும். 28 மெகாஹெர்ட்ஸ்ல வீட்டு நாய்ஸ் கொறஞ்சிடும், அதே ஐடியு கணக்குல தரைமட்டம் மைனஸ் 108 கிட்ட போயிடும். அதே சமயம் 7ல மைனஸ் 120 இருந்த ஆஸிலேட்டர் 28ல மைனஸ் 108 ஆயிடும். அதே தாமான்ல இன்னொரு ஹாம் இருந்து, அவரு சிக்னல் மைனஸ் 20ல வந்தா, மைனஸ் 20, மைனஸ் 108, ப்ளஸ் 34, ஆக மைனஸ் 94. தரைமட்டத்துக்கு மேல 14 டிபி! அவரு பேச ஆரம்பிச்சா உங்க பேண்ட் முழுக்க இரைச்சல் ஏறும், நிறுத்துனா எறங்கும். இந்த எடத்துல எஸ்ஐ570 காசுக்கு வேல செய்யும், இங்க நான் தயங்காம வாங்குன்னு சொல்லுவேன். ஆனா பக்கத்துல ஹாம் யாரும் இல்லன்னா 10 மீட்டர்லயும் அவசரம் இல்ல.

எல்சி விஎஃப்ஓ (காயிலும் கெப்பாசிட்டரும் வெச்சி ட்யூன் பண்ற பழைய வக ஆஸிலேட்டர்) கட்டலாமான்னு ஒருத்தரு கேட்டாரு. பேஸ் நாய்ஸ்ல அது மோசமே இல்ல. லீசன் 1966ல எழுதுன சமன்பாடு இன்னிக்கும் நிக்குது, காயிலோட க்யூ கூடுனா, உள்ள சுத்துற பவர் கூடுனா, பரவல் கொறையும், நல்ல டொராய்டுல சுத்துன விஎஃப்ஓ தள்ளி இருக்குற நாய்ஸ்ல மலிவான சிந்தசைசர ஜெயிச்சிடும். ஆனா நம்ம ஊரு சூட்டுலயும் ஈரத்துலயும் ஃப்ரீக்வென்சி நகந்துகிட்டே இருக்கும், எஃப்டி8 மாதிரி டிஜிட்டல் முறை எல்லாம் கேக்க முடியாது. வேணாம்.

டைரக்ட் சாம்ப்ளிங் தனியா பேசணும், ஏன்னா அதுல மிக்சரே இல்ல. எல்டிசி2208 மாதிரி 16 பிட் ஏடிசி (சிக்னல நம்பரா மாத்துற சிப்பு), நொடிக்கு 13 கோடி சாம்பிள் வரைக்கும், ஆன்டெனாவ நேரா அதுல விடுறது, ஆர்எக்ஸ்-888 எல்லாம் அந்த வகதான். ஆஸிலேட்டர் இல்லையான்னா இருக்கு, சாம்ப்ளிங் கிளாக்தான் ஆஸிலேட்டர். ஆனா கேக்குற ஃப்ரீக்வென்சி கிளாக்க விட எவ்ளோ கீழ இருக்கோ அவ்ளோ பேஸ் நாய்ஸ் கொறையும், 122.88 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குல 7.1 கேட்டா 25 டிபி சும்மாவே கொறஞ்சிடும். 28லகூட 13 டிபி. அதனால எச்எஃப்ல (3ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ்) பேஸ் நாய்ஸ் கவலைக்கு உண்மையான மருந்து இதுதான். 0ல இருந்து 30 வரைக்கும் ஒரே திரையில பாக்கலாம், இமேஜ் கெடையாது. வெல கூட, யுஎஸ்பி 3 கேபிளே நாய்ஸ் பரப்பும், சூடாகும், கம்ப்யூட்டரும் நல்லதா வேணும். காசு இருக்குறவங்க, கட்டுறதுல ஆச இல்லாம கேக்குறதுல மட்டும் ஆச இருக்குறவங்க, இதையே வாங்கிடுங்க.

ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பில சொருகுற மலிவான எஸ்டிஆர்) பத்தி ரெண்டு வரி போதும். 8 பிட்டு, டைரக்ட் சாம்ப்ளிங்ல வெச்சா 28.8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குல 7.1 கேக்கும்போது 21.7ம் மடிஞ்சி வந்து அதே எடத்துல விழும். கத்துக்க நல்ல சாமான், ராத்திரி 40 மீட்டருக்கு இல்ல.

பேஸ் நாய்ஸ்னு நாம நெனைக்கிறதுல பாதி பவர் சப்ளைல இருந்து வர்றது, இத நான் பட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி எஸ்ஐ5351 போர்ட ஒரு போன் சார்ஜர்ல இருந்து ஓட்டுனேன், ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனுக்கும் ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன குச்சி வரிசையா நின்னுச்சு, சிப்பு சரியில்லன்னு முடிவு பண்ணி இன்னொன்னு ஆர்டர் பண்ணிட்டேன். அது வந்து சேர்றதுக்குள்ள ஒருநாள் கரண்டு போச்சு, 12 வோல்ட் பேட்டரில லீனியர் ரெகுலேட்டர் போட்டு ஓட்டிப் பாத்தேன், எல்லாக் குச்சியும் காணாப் போச்சு. அன்னில இருந்து ஆஸிலேட்டருக்கு தனி லீனியர் ரெகுலேட்டர், பக்கத்துலயே நல்ல கெப்பாசிட்டர், இது இல்லாம நான் கட்டுறதே இல்ல.

வீட்டுலயே அளந்து பாக்க ஒரு வழி இருக்கு, பெரிய மெஷின் வேணாம். பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள்ல டெஸ்ட் லைன்ல வேல செய்ற மாமா சித்தப்பா யாராவது இருந்தா அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, 1972ல அங்க வந்த ஹியூலெட்-பேக்கர்டு கம்பெனில இருந்து பிரிஞ்சதுதான் அஜிலென்ட், அதுல இருந்து 2014ல பிரிஞ்சது கீசைட், பேஸ் நாய்ஸ் அளக்குற மெஷினெல்லாம் அவங்க தொழில், அந்த வேலையில பழகுனவங்க சொல்லிக் குடுத்தா பத்து நாள் படிக்கிறது பத்து நிமிசத்துல புரியும். வீட்டு வழி இதுதான்: 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எல்லாக் கடையிலயும் மலிவா கெடைக்கும், கோலாலம்பூர் ஜாலான் பசார் பக்கம் போனாலும் கெடைக்கும். அதுல ஒரு சின்ன ஆஸிலேட்டர் கட்டி, தகர டப்பால மூடி, பேட்டரில ஓட்டி, அட்டென்யூவேட்டர் வழியா மைனஸ் 20 டிபிஎம் அளவுக்கு கொறச்சி ரிசீவருக்குள்ள விடுங்க. கிரிஸ்டல் நம்ம சிந்தசைசர விட ரொம்ப சுத்தம். இப்ப 7.3628க்கு ட்யூன் பண்ணி, கிரிஸ்டல் ஆன் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் நாய்ஸ் எவ்ளோ மாறுதுன்னு பாருங்க. அப்புறம் கிரிஸ்டல கழட்டிட்டு ஆன்டெனா மாட்டி, ஸ்டேஷன் இல்லாத எடத்துல நாய்ஸ் பாருங்க. கிரிஸ்டலால ஏறுன நாய்ஸ விட ஆன்டெனாவோட நாய்ஸ் பத்து டிபி மேல இருந்தா ஆஸிலேட்டர் பத்தி யோசிக்கிறத விட்டுட்டு வேற வேல பாக்கலாம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இது. எஸ்ஏ612 ரெண்டையும் பெட்டில போட்டு வைங்க. கையில இருக்குற எஸ்ஐ5351 போதும். எஸ்ஐ570க்கு எடுத்து வெச்ச காசுல 74சிபிடி3253, நாய்ஸ் கம்மியான நல்ல ஆப் ஆம்ப், பேண்ட்பாஸ் ஃபில்டருக்கு டொராய்டு, லீனியர் ரெகுலேட்டர் வாங்குங்க, மீதி இருக்கும். ஆனா ஆஸிலேட்டர மெயின் போர்டுலயே ஒட்டிடாதீங்க, தனி சின்ன போர்டா வெச்சி பின் வரிசைல சொருகுங்க, 5 வோல்ட், கிரவுண்டு, ஐ2சி ரெண்டு கம்பி, ஐ, க்யூ ரெண்டு அவுட்புட், ஆறே பின்னு, 3.3 ரெகுலேட்டர் அந்தச் சின்ன போர்டு மேலயே இருக்கட்டும். நாளைக்கு 10 மீட்டர்ல பக்கத்து ஹாம் தொல்ல வந்து எஸ்ஐ570 வேணும்னா, அதுக்கு ஒரே அவுட்புட்தான், 112 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டி 74ஏசி74ஆல நாலால வகுக்கணும், அந்த ஃபிளிப் ஃபிளாப்பையும் அதே சின்ன போர்டுல வெச்சிடுங்க, 5 வோல்ட்ல ஓட்டுங்க, 3.3 வோல்ட்ல அந்த வேகத்துல நம்ப முடியாது, இன்புட்ட கெப்பாசிட்டர் வழியா விட்டு நடுவுல பயஸ் வைங்க. மெயின் போர்டுல ஒரு கம்பி கூட மாத்த வேண்டியதில்ல.